வினைச்சொல் காட்டிய பழுது

மொழியியல் படித்தவருக்குப் பந்தயக் காரின் பின்சக்கரத்தோடு என்ன வேலை? முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கிய நாளிலிருந்து துறைக்குள்ளும் வெளியிலும் என்னிடம் இக்கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். வாகனம் ஓட்டிச் சோதிப்பவர்கள் தங்கள் உடல் உணர்ந்ததை எப்படிச் சொல்லாக்குகிறார்கள், அந்தச் சொல் எப்படி ஒரு பொறியியல் முடிவாக மாறுகிறது என்பதே என் ஆய்வுப் பொருள். ஐதராபாத்தின் புறநகரில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில், மாணவர்கள் தாமே வடிவமைத்து ஃபார்முலா மாணவர் போட்டிக்கு அனுப்பும் சிறு பந்தயக் காரின் சோதனை ஓட்டங்களை இரண்டு பருவங்களாகப் பதிவு செய்துவருகிறேன். அங்கே கண்ட ஒன்றைக் குழுவின் இசைவோடு, பெயர்களைத் தவிர்த்து, இங்கே எழுதுகிறேன்.

பொறியியல் பின்புலம் இல்லாத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு கார் தரையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே நடக்கின்றன. சஸ்பென்ஷனையும் ஸ்டியரிங்கையும் சரிசெய்வது என்றால், அந்த நான்கு இடங்களிலும் எடை எப்படிப் பகிரப்படுகிறது, டயர் எந்தக் கோணத்தில் தரையைத் தொடுகிறது என்பவற்றைச் சரிசெய்வதுதான். ஸ்பிரிங்கின் விறைப்பு, டாம்பரின் தடை, கார் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஆன்டி-ரோல் பார், மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவான டோ, முன்னிருந்து பார்க்கையில் அதன் சாய்வான கேம்பர், டயரின் காற்றழுத்தம் என மாற்றக்கூடியவை பல. ஆகையால் இத்தொழிலின் முதல் ஒழுக்கம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. இரண்டாவது ஒழுக்கம், மாற்றிப் பார்த்தபின் பழைய அமைப்புக்குத் திரும்பி மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. அதற்குள் டயர் சூடேறியிருக்கும், தரை சூடேறியிருக்கும், ஓட்டுநருக்கும் பாதை பழகியிருக்கும். மாற்றத்தின் பயனையும் பழக்கத்தின் பயனையும் பிரித்தறிய வேறு வழியில்லை.

இந்தூருக்கு அருகே பீதம்பூரில் 11.3 கிலோமீட்டர் நீளமுள்ள அதிவேகச் சோதனைத் தடம் 2021இல் திறக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களின் வாகனங்கள் அத்தகைய இடங்களில் சோதிக்கப்படுகின்றன. மாணவர் குழுவுக்கு வாய்த்ததோ கல்லூரிப் பேருந்துகள் நிற்கும் திடல். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்துகளை ஓரங்கட்டிவிட்டுக் கூம்புகளை அடுக்குவார்கள். காரில் சில உணரிகள் உண்டு; மீதிக்கெல்லாம் ஓட்டுநரின் உடலே உணரி.

அந்த உடல் உணர்ந்ததைச் சொல்வதற்கு உலகெங்கும் இரண்டு சொற்கள் நிலைபெற்றிருக்கின்றன: அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர். ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து 1930இல் ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் பிரிவுக்கு வந்த மாரிஸ் ஓலி என்னும் பொறியாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் அமைக்கும் முயற்சியில் இருந்த காலத்தில் இச்சொற்கள் வழக்கில் வேரூன்றின. திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வெளியே அகன்றால் அண்டர்ஸ்டியர். திருப்பிய அளவை மீறிப் பின்பக்கம் சுழன்றுவந்தால் ஓவர்ஸ்டியர். இது ஓட்டுநர் வழக்கு. பொறியியல் வழக்கு இன்னும் கறாரானது: ஒரே ஆரமுள்ள வட்டத்தில் வேகம் கூடக்கூட ஸ்டியரிங்கை எவ்வளவு கூடுதலாகத் திருப்ப வேண்டியிருக்கிறது என்னும் வீதத்தை அது குறிக்கும். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்கள். அவற்றின் இடைவெளியில்தான் நான் சொல்லவந்த நிகழ்ச்சி நடந்தது.

குழுவில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தனர். ஒருவர் நகரத்துப் பள்ளியில் ஆங்கிலவழியில் படித்தவர். மற்றவர் தெலுங்குவழியில் பத்தாம் வகுப்பும் பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளமோவும் முடித்து, பொறியியல் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பின் இருவரும் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். திருப்பத்தின் நுழைவு, நடுப்பகுதி, வெளியேற்றம் என மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அண்டர்ஸ்டியர், நடுநிலை, ஓவர்ஸ்டியர் என்பவற்றில் ஒன்றைக் குறித்து, அருகில் பத்துக்கு ஒரு மதிப்பெண் இட வேண்டும். அவ்வளவே.

பருவத்தின் நடுவில் இரண்டாம் ஓட்டுநரின் நேரங்கள் கூடத் தொடங்கின. கூம்புகளுக்கிடையே வளைந்து செல்லும் ஸ்லாலத்தில் அவர் முன்போல விரைந்து போகவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கார் திருப்பங்களில் அகன்று போவது தெரிந்தது. படிவத்திலும் அவரே நுழைவுக் கட்டத்தில் அண்டர்ஸ்டியர் என்று குறித்திருந்தார். பாடநூல் சொல்லும் தீர்வைக் குழு செய்தது: முன் ஆன்டி-ரோல் பாரைத் தளர்த்தியது. அதனால் பக்கவாட்டு எடைமாற்றத்தில் முன்பக்கத்தின் பங்கு குறைந்து, பின்பக்கத்தின் பங்கு கூடும். முன்பக்கப் பிடிப்பு மேம்பட்டு, ஒப்பீட்டளவில் பின்பக்கப் பிடிப்பு குறையும். அண்டர்ஸ்டியருக்கு அது சரியான மருந்து. ஆனால் நேரம் மேலும் மோசமாயிற்று.

அடுத்து ஸ்கிட்பேட் என்னும் எட்டு வடிவச் சோதனை. உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர். ஒரு வட்டத்தை ஏறத்தாழ 6 வினாடியில் முடித்தால், கார் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான பக்கவாட்டு முடுக்கத்தில் ஓடுகிறது என்று பொருள். அதில் இரண்டு ஓட்டுநர்களின் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இடவட்டத்திலும் வலவட்டத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே காரில் குறையில்லை, ஓட்டுநருக்குத்தான் துணிவு குறைந்துவிட்டது என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். போட்டிக்கு அவரை அனுப்புவதா என்ற பேச்சும் எழுந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒருவர், தம் குழுவின் முன்னால் பயந்தவர் என்று பெயரெடுத்து நிற்பது எத்தகையது என்பதை இங்குள்ள ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் இருந்தவை படிவங்கள் அல்ல, ஒலிப்பதிவுகள். ஓட்டம் முடிந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் அவர் தெலுங்கில் சொல்பவற்றைப் பதிந்து, வழக்கம்போல எழுத்துப்பெயர்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வந்தது: “லெஃப்ட் திரிகினப்புடு வெனக ஜாரிப்போதுந்தி, தர்வாத பட்டுகுண்டுந்தி.” இடப்பக்கம் திருப்பும்போது பின்பக்கம் சறுக்கிப்போகிறது, அப்புறம் பிடித்துக்கொள்கிறது.

தமிழ் அறிந்தவர்களுக்கு இத்தொடரின் அமைப்பு அந்நியமானதன்று. ‘ஜாருதுந்தி’ என்றால் சறுக்குகிறது. ‘ஜாரிப்போதுந்தி’ என்றால் சறுக்கிப்போகிறது. ‘போ’ என்னும் துணைவினை, செயல் கட்டுமீறி ஒரு முடிவை நோக்கி நகர்வதை உணர்த்துகிறது. ‘உடைந்துபோயிற்று’ என்று நாம் சொல்வதும் அப்படித்தான். ‘பட்டுகுண்டுந்தி’ என்பதில் உள்ளது ‘கொள்’ என்பதற்கு இணையான துணைவினை. செயலின் பயன் செய்பவரிடமே திரும்புவதை அது உணர்த்துகிறது. பின்பக்கத்தை வேறு யாரும் பிடிக்கவில்லை. அது தானே தன்னை நிலைப்படுத்திக்கொள்கிறது. ஒரு செயல் தொடங்குகிறதா, தொடர்கிறதா, முற்றிவிடுகிறதா என்று காட்டும் இக்கூற்றை மொழியியலில் வினைநோக்கு என்கிறோம். திராவிட மொழிகள் இந்த வேலையைத் துணைவினைகளைக் கொண்டு மிக நுட்பமாகச் செய்கின்றன.

வலத்திருப்பங்களைப் பற்றிப் பேசும்போது அவர் ‘ஜாருதுந்தி’ என்று மட்டுமே சொல்லியிருந்தார். பந்தயக் காரில் டயர் ஓரளவு சறுக்குவது இயல்பு. ‘போ’ சேர்ந்து வந்தது இடத்திருப்பத்துக்கு மட்டும், அதிலும் நுழைவுக் கட்டத்துக்கு மட்டும். அதே வாக்கியத்தில் ‘கொள்’ தொடர்ந்து வந்தது. அவர் விவரித்தது காரின் பொதுவான ஒரு குணத்தை அன்று. இரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு நிகழ்ச்சியை. முதலில் ஏதோ விலகுகிறது, பிறகு ஏதோ ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. ‘அண்டர்ஸ்டியர்’ என்னும் பெயர்ச்சொல்லில் இதற்கு இடமில்லை. அதற்குக் காலமும் இல்லை, தொடக்கமும் முடிவும் இல்லை. படிவத்திலோ இடம், வலம் என்ற பகுப்பே இல்லை.

அப்படியானால் நுழைவில் அண்டர்ஸ்டியர் என்று ஏன் குறித்தார்? இதை அவரிடமே கேட்டேன். “வண்டி வெளியே போகிறது அல்லவா அக்கா, அதற்கு அந்தச் சொல்தானே?” என்றார். கார் ஏன் வெளியே போகிறது என்று மேலும் கேட்டபோது, “நான்தான் திருப்புவதைக் கொஞ்சம் விட்டுவிடுகிறேன். திருப்பினால் பின்னால் போய்விடும் என்று இடுப்புக்குத் தெரிகிறது” என்றார். ‘இடுப்புக்குத் தெரிகிறது’ என்பதில் உள்ள நான்காம் வேற்றுமையையும் கவனியுங்கள். அறிபவர் அவர் அல்லர், அவருடைய இடுப்பு. கார் செங்குத்து அச்சில் சுழலத் தொடங்குவதைக் கண்ணுக்கு முன்பே இருக்கை வழியாக உடல் உணர்ந்துவிடும் என்பது தேர்ந்த ஓட்டுநர்கள் அனைவரும் சொல்லும் செய்தி. பின்பக்கத்தின் நிலையின்மையை உணர்ந்து அவர் ஸ்டியரிங்கை அடக்கினார். அடக்கியதால் கார் அகன்றது. அகன்றதை மட்டும் பார்த்தவர்கள் முன்பக்கப் பிடிப்பு போதவில்லை என்றனர். நோய் பின்னால் இருக்க, மருந்து முன்னால் இடப்பட்டது. அம்மருந்து பின்பக்கத்தை மேலும் நலிவாக்கியது.

திருப்பத்தின் கட்டங்களை வரிசைகளாகவும், இடம் வலம் என்பவற்றைப் பத்திகளாகவும் கொண்டு ஓர் அட்டவணை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அவர் ஆண்ட வினைச்சொற்களை எழுதிக் குழுத்தலைவரிடம் கொடுத்தேன். அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இடத்திருப்பத்தில் எடை வலப் பின்சக்கரத்தில்தான் விழும். அங்கே ஏதோ வளைகிறது” என்றார். நான் செய்தது எழுத்துப்பெயர்ப்பு மட்டும். அதிலிருந்து சக்கரத்துக்குப் போனவர் அவர்தான்.

பின்சக்கரங்களின் டோ அளவை நூல் கட்டி முன்பே சோதித்திருந்தார்கள், சரியாகவே இருந்தது. சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டியும் பார்த்திருந்தார்கள், ஆட்டம் இல்லை. இம்முறை சுமை ஏற்றிச் சோதித்தார்கள். காரை மேடையில் நிறுத்தி, பின்சக்கரத்தின் முன்விளிம்பைப் பட்டை கட்டி வெளிப்பக்கம் இழுத்தார்கள். இழுவிசையை ஒரு தொங்குதராசு காட்டியது. ரிம் நகர்வதை டயல் கேஜ் காட்டியது. இடச்சக்கரம் அரை மில்லிமீட்டர்கூட நகரவில்லை. அதே விசையில் வலச்சக்கரம் 2 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே திரும்பி, பிறகு நின்றது. விலகிப்போய்ப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரத்தின் திசையைக் காக்கும் டோ லிங்க்கைச் சட்டகத்தோடு இணைக்கும் பிராக்கெட்டில் வண்ணப்பூச்சைச் சுரண்டியபோது, வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது.

இதன் இயக்கம் எளியது. திருப்பத்தில் டயர் மீது செயல்படும் பக்கவிசை, தரையைத் தொடும் பகுதியின் நடுவில் அன்றி அதற்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அதனால் வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் முன்விளிம்பு வெளிநோக்கித் திரும்ப முயல்கிறது. அச்சுக்கு முன்னால் பொருத்தப்பட்ட டோ லிங்க் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பில் விரிசல் வாய்திறந்தது, சக்கரம் வெளியே திரும்பியது, பின்பக்கம் விலகியது. உலோகத்தின் முறியாத பகுதி சுமையை ஏற்றதும் சக்கரம் நின்றது. ஸ்கிட்பேட் இதை ஏன் காட்டவில்லை என்பதும் இப்போது விளங்கும். நிலையான வட்டத்தில் விரிசல் முதல் நொடியிலேயே திறந்து அப்படியே இருந்துவிடுகிறது. அதன்பின் எல்லாம் சீராகவே ஓடுகிறது. மாறும் கணத்தில் மட்டுமே அது வெளிப்படும். வாகனச் சோதனைக்கான பன்னாட்டுத் தரங்களில் நிலைவட்ட ஓட்டத்துக்கு ஐஎஸ்ஓ 4138, மாறுநிலை எதிர்வினைக்கு ஐஎஸ்ஓ 7401 எனத் தனித்தனியே இருப்பதற்குக் காரணம் இவ்வேறுபாடுதான்.

அந்த பிராக்கெட் ஸ்லாலத்தின் நடுவே முழுமையாக முறிந்திருந்தால் பின்சக்கரம் தன் போக்கில் திரும்பியிருக்கும். திடலின் ஓரத்தில் நின்றவை பேருந்துகள். இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

பிராக்கெட்டைப் புதிதாகச் செய்து, தாங்குதகடு சேர்த்து வெல்டிங் செய்தார்கள். ஆன்டி-ரோல் பாரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்லாலத்தில் அவர் தம் பழைய நேரத்துக்குத் திரும்பினார். வியப்பூட்டும் முன்னேற்றம் ஒன்றுமில்லை. இழந்ததை மீட்டார், அவ்வளவே. போட்டியில் ஓட்டுநர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

இந்நிகழ்ச்சியைத் ‘தாய்மொழி அறிவியலை வென்றது’ என்று யாரும் சுருக்கிவிட வேண்டாம். டயல் கேஜ் இல்லையேல் அந்த வினைச்சொல் ஒரு புலம்பலாகவே நின்றிருக்கும். ஓட்டுநரின் சொல் தவறுவதும் உண்டு. அதே பருவத்தில் மற்ற ஓட்டுநர் முன்பக்க டாம்பரைக் கடுமையாகக் குறைசொன்னார்; டயரின் வெப்பத்தை அளந்தபோது அது இன்னும் சூடேறவே இல்லை என்று தெரிந்தது. சொல் எங்கே தேட வேண்டும் என்று காட்டுகிறது. அளவீடு எவ்வளவு என்று காட்டுகிறது. முன்னதை ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிட்டால், பின்னதை எந்த இடத்தில் வைப்பது என்றே தெரியாமல் போகும்.

வானூர்தித் துறை இதை முன்பே உணர்ந்திருக்கிறது. விமானத்தின் கையாளுகையை மதிப்பிட ஜார்ஜ் கூப்பர், ராபர்ட் ஹார்ப்பர் இருவரும் 1969இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதுவும் பத்துப் படிகள் கொண்டதுதான். ஆனால் விமானி நேராக எண்ணைச் சொல்வதில்லை. ஆம், இல்லை என்று விடை சொல்லும் சில கேள்விகளின் வழியே எண்ணை அடைகிறார். விமானத்தின் குறையை ஈடுகட்ட அவர் எவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது என்பதே அவ்விடைகளின் மையம். நம் ஓட்டுநரிடம் கேட்கப்படாத கேள்வி அதுவே. கார் என்ன செய்தது என்று படிவம் கேட்டது. கார் அப்படிச் செய்யாதிருக்க நீ என்ன செய்தாய் என்று கேட்கவில்லை.

இது ஒரு கல்லூரியின் ஒரு படிவத்தோடு முடிவதன்று என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். நம் ஆய்வுக்கூடங்களிலும் வாய்மொழித் தேர்வுகளிலும் மாணவர்கள் தாம் கண்டதை முதலில் ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லாக மாற்றிய பிறகே பேச அனுமதிக்கப்படுகிறார்கள். கலைச்சொல் தேவை, அது இல்லாமல் பிற நாட்டுப் பொறியாளரோடு உரையாட முடியாது. ஆனால் கலைச்சொல் விவரிப்பின் முடிவில் வர வேண்டியது. தொடக்கத்திலேயே அதைக் கேட்டால், கண்டதைச் சொல்லத் தெரிந்தவரை விட்டுவிட்டு, சொல்லை அறிந்தவரையே நம்பப் பழகிவிடுவோம்.

குழு இப்போது படிவத்தை மாற்றியிருக்கிறது. இடத்திருப்பம், வலத்திருப்பம் தனித்தனி. என்ன நடந்தது என்பதை எந்த மொழியிலும் முழு வாக்கியமாக எழுத ஓர் இடம். எழுதத் தயங்குபவர் பேசிப் பதியலாம். ஓட்டுநர் ஈடுகட்ட என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரி. அண்டர்ஸ்டியரும் ஓவர்ஸ்டியரும் மதிப்பெண்ணும் அவற்றுக்குப் பின்னால் வருகின்றன. நிரப்ப இரண்டு நிமிடம் கூடுதலாகிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள், அதுவும் நியாயமே.

பட்டறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் களப்பணியிலும் இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கருவியோடு பழகியவர் ஒருவர் குறை சொல்லும்போது, அவர் ஆளும் வினைச்சொல்லை அப்படியே, துணைவினையோடு எழுதிவையுங்கள். ‘இழுக்கிறது’ என்றாரா, ‘இழுத்துக்கொண்டு போகிறது’ என்றாரா? ‘ஆடுகிறது’ என்றாரா, ‘ஆடிவிட்டு நிற்கிறது’ என்றாரா? உங்கள் மொழியில், உங்கள் துறையில் இத்தகைய எடுத்துக்காட்டுகள் இருந்தால் பின்னூட்டத்தில் பகிருங்கள். கன்னடம், மலையாளம், மராத்தி, இந்தி என எந்த மொழியாயினும் நன்று. ஆய்வேட்டின் அடுத்த இயலுக்கு அவை எனக்குப் பெரிதும் உதவும்.